தென் சென்னை: ஆளைப் பார்த்தா, அணியைப் பார்த்தா?

மக்களவைத் தேர்தல் வந்தால் தென் சென்னையைப் பற்றி ஒரு பேச்சும் கூடவே கிளம்பும். மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு என்று பேட்டைகளை வரிசையாகச் சொல்லி, இங்கே இருப்பவர்கள் படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், ஆடிட்டர்கள், இவர்களிடம் சின்னம் எடுபடாது, ஆளைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று முடிப்பார்கள். கட்சிக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, தொகுதிவாசிகளுக்கும் இதில் ஒரு பெருமை இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. 1957 முதல் 2024 வரை இந்தப் பெயரில் ஒரு தொகுதி 17 பொதுத்தேர்தல்களைச் சந்தித்திருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் பேச்சு நிற்கவில்லை என்பது என் கருத்து. 17இல் 14 முறை தென் சென்னை, தமிழ்நாட்டில் அதிக இடங்களை வென்ற அணியின் வேட்பாளரைத்தான் அனுப்பியிருக்கிறது. மீதி மூன்று முறை மாறி வாக்களித்ததற்கும் வேட்பாளரின் தகுதி காரணமாகத் தெரியவில்லை. முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டேன். இனி அதற்கான சான்றுகளையும், எழக்கூடிய மறுப்புகளையும் பார்ப்போம்.

மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. இந்தத் தொகுதியிலிருந்து போனவர்களின் பட்டியலைப் பாருங்கள் என்பார்கள். 1957இல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1962இல் நாஞ்சில் மனோகரன். 1967இல் அறிஞர் அண்ணா. அவர் முதலமைச்சரானதால் விட்டுப்போன இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலிலும், மீண்டும் 1971இலும் முரசொலி மாறன். 1977, 1980 இரண்டிலும் ஆர். வெங்கட்ராமன். ஒரு நிதியமைச்சர், ஒரு முதலமைச்சர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஒருவர் என்று ஒரே தொகுதியிலிருந்து இத்தனை பெரியவர்கள் எழுந்திருக்கிறார்களே, இது தற்செயலா? தற்செயல் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர்களை இந்தத் தொகுதிக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்க வேண்டும். சீட்டுக் கொடுத்தது கட்சி. தலைநகரின் கௌரவமான தொகுதி என்று நினைத்து ஒவ்வொரு கட்சியும் தன்னிடம் உள்ள பெரிய பெயரை இங்கே நிறுத்தியது. வென்ற கட்சி மட்டும் அப்படிச் செய்யவில்லை, தோற்ற கட்சிகளும் செய்தன. தோற்றவர்களின் பட்டியலும் ஏறக்குறைய அதே தரத்தில் இருக்கிறது. 1977இல் தோற்றவர் அதே முரசொலி மாறன். 1984இல் இரா. செழியன், 1989இல் ஆலடி அருணா. 1998இல் தோற்ற ஜனா கிருஷ்ணமூர்த்தி மூன்றாண்டுகளில் பாரதிய ஜனதாவின் அகில இந்தியத் தலைவரானார். 2024இல் தோற்ற தமிழிசை சௌந்தரராஜன் ஆளுநர் பதவியை விட்டுவிட்டு வந்து நின்றவர். இரு பக்கமும் பெரிய மனிதர்களே நிற்கும்போது, பெரிய மனிதர் வென்றார் என்பதிலிருந்து வாக்காளரின் மனத்தைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆர். வெங்கட்ராமனின் இரண்டு வெற்றிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காமராசர் அமைச்சரவையில் தொழில் துறையைப் பார்த்தவர், சட்டம் தெரிந்தவர், நிர்வாகி என்று பெயரெடுத்தவர். தென் சென்னை விரும்பும் வேட்பாளர் என்று ஒருவரை வடித்தெடுத்தால் இவரைப் போலத்தான் இருப்பார். 1977 மார்ச்சில் அவர் காங்கிரஸ் வேட்பாளர். நெருக்கடி நிலை தளர்த்தப்பட்டு நடந்த தேர்தல். வடநாட்டில் இந்திரா காந்தியே தோற்றார். இங்கே திமுக அரசு கலைக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது, எதிர்த்து நின்ற மாறன் ஆட்சியை இழந்த அந்தக் கட்சியின் முக்கிய முகம். பத்திரிகைத் தணிக்கையை நாடே கண்டித்த நேரத்தில், பேப்பர் படிப்பவர்களின் தொகுதி தணிக்கை விதித்த கட்சியைத் தேர்ந்தெடுத்தது. ஏன்? எம்.ஜி.ஆரின் அதிமுக காங்கிரசோடு சேர்ந்திருந்தது, அந்த அணி மாநிலத்தின் 39 இடங்களில் 34ஐ வென்றது. மூன்றே ஆண்டுகளில் காட்சி தலைகீழானது. 1980 ஜனவரியில் வெங்கட்ராமன் திமுகவின் ஆதரவோடு, எம்.ஜி.ஆரின் அணியை எதிர்த்து நின்றார். அப்போதும் வென்றார். காங்கிரஸ்–திமுக அணி மாநிலத்தில் 37 இடங்களைப் பிடித்தது.

இந்த இடத்தில் கூர்மையான ஒருவர் எழுந்து, 'நீங்கள் சொல்வதே உங்களுக்கு எதிராக இருக்கிறதே. கூட்டணி மாறியது, ஆள் மாறவில்லை, வெற்றியும் மாறவில்லை. அப்படியென்றால் ஆளுக்காகத்தானே ஓட்டு விழுந்திருக்கிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு தொகுதியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் இதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்த இரண்டு அலைகளிலும் தமிழ்நாட்டின் மூலைமுடுக்குகளில், பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதே அணிகளின் சார்பில் நின்று வென்றார்கள். மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது ஒரு வேட்பாளர் வெல்வது அவருடைய சொந்த பலத்துக்குச் சான்றாகாது. ஆளின் எடையை அளக்க வேண்டுமானால் மாநிலம் ஒரு பக்கமும் தொகுதி மறுபக்கமும் போன தேர்தல்களைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவை மூன்றுதான், 1962, 1998, 2009. அவற்றுக்குப் போகும் முன், இடையில் நடந்த இரண்டு தேர்தல்களைத் தாண்டிப்போக மனம் வரவில்லை.

1984 டிசம்பர் தேர்தலில் காங்கிரஸ் நிறுத்தியது வைஜயந்திமாலாவை. எதிரே ஜனதா கட்சியின் இரா. செழியன். 1962 முதல் 1977 வரை மக்களவையிலும் அதன்பின் மாநிலங்களவையிலும் இருந்தவர். நாடாளுமன்ற நடைமுறையிலும் நிதிக் கணக்குகளிலும் அவருக்கிருந்த தேர்ச்சியை எதிரிகளும் மதித்தார்கள். ஆளைப் பார்த்து வாக்களிக்கும் தொகுதி ஒன்று இந்தியாவில் இருந்தால், அது இரா. செழியனைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். வைஜயந்திமாலா சுமார் 48 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். நட்சத்திர மோகம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது, பலர் தள்ளினார்கள். இந்திரா காந்தி சுடப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார், காங்கிரஸ்–அதிமுக அணி 37 இடங்களை அள்ளியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நட்சத்திரத்துக்கு அதிக வேலை இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொரு விவரம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்தப் பேரலையிலும் திமுக இரண்டு இடங்களைக் காப்பாற்றிக்கொண்டது. இரண்டும் இந்த நகரத்தில்தான், வட சென்னையும் மத்திய சென்னையும். அங்கெல்லாம் வாக்குச்சீட்டில் உதயசூரியன் இருந்தது. தென் சென்னையில் இடம் தோழமைக் கட்சிக்குப் போனதால் அது இல்லை. சின்னம் எடுபடாது என்று சொல்லப்படும் தொகுதியில், மாபெரும் நாடாளுமன்றவாதி ஒருவர் தோற்றதற்கு வாக்குச்சீட்டில் ஒரு சின்னம் இல்லாமல் போனதும் காரணமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனாலும் பக்கத்து இரண்டு தொகுதிகளின் முடிவும் அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

1989 இன்னும் வேடிக்கை. அந்தத் தேர்தலின் மையப் பேச்சு போஃபர்ஸ் பீரங்கிப் பேரம். அது பற்றி விசாரித்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவில், அன்று அதிமுக உறுப்பினராக இருந்துகொண்டு மாற்றுக் குறிப்பு எழுதியவர் ஆலடி அருணா. பிறகு திமுகவுக்கு வந்தவர், தென் சென்னையில் அதன் வேட்பாளராக நின்றார். நாட்டையே உலுக்கிய விவகாரத்தை அறிந்த ஒருவர், விவரம் அறிந்தவர்களின் தொகுதி என்று பெயர் பெற்ற இடத்தில் நிற்கிறார். வைஜயந்திமாலாதான் மறுபடியும் வென்றார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் தமிழ்நாடு மாநில ஆட்சியைத் திமுகவிடம் கொடுத்திருந்தது. ஆனாலும் நவம்பரில் அந்தக் கட்சிக்கு மக்களவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பிளவுபட்டிருந்த அதிமுக ஒன்றாகி, காங்கிரசோடும் கைகோத்திருந்தது. கூட்டல் கணக்கு மாறியதும் விடையும் மாறியது.

1991 முதல் 2004 வரையிலான கதையில் தாமதிக்க அதிகமில்லை. ராஜீவ் காந்தி கொலையுண்ட பின் வீசிய அலையில் அதிமுகவின் ஆர். ஸ்ரீதரன் வென்றார். வென்றவர் வரிசையில் அதிகம் நினைவுகூரப்படாத பெயர், என் வாதத்துக்கு அதுவே உதவி. தோற்ற டி.ஆர். பாலு 1996, 1998, 1999, 2004 என்று தொடர்ந்து நான்கு முறை வென்றார். 1998இல் அவர் தோற்கடித்தது பாரதிய ஜனதா வேட்பாளரை. அடுத்த ஆண்டே அதே பாரதிய ஜனதாவின் கூட்டாளியாக வாக்குக் கேட்டு வென்று மத்திய அமைச்சரானார். 2004இல் மறுபடி பாரதிய ஜனதா இருந்த அணிக்கு எதிராக நின்று, அதிமுகவின் பதர் சயீதைத் தோற்கடித்தார். கொள்கையை அளந்து வாக்களிப்பவர்கள் என்று சொன்னால் இந்த மூன்று தேர்தல்களையும் ஒரே மனத்துக்குள் வைத்து விளக்க யாராலும் முடியாது.

இனி அந்த மூன்று விலகல்கள். 1962இல் மாநிலத்தின் 41 இடங்களில் காங்கிரஸ் 31ஐ வென்றது, திமுகவுக்குக் கிடைத்தவை 7. அந்த ஏழில் ஒன்று தென் சென்னை. முந்தைய தேர்தலில் இங்கே வென்ற டி.டி.கே. முந்திரா விவகாரத்தில் 1958இல் நிதியமைச்சர் பதவியை விட்டவர். 1962இல் அவர் திருச்செந்தூருக்குப் போய்ப் போட்டியின்றித் தேர்வானார். டி.டி.கே. இல்லாததால்தான் காங்கிரஸ் இங்கே தோற்றது, ஆகவே ஆள்தான் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் 1959இலேயே இந்த நகரம் சாய்ந்துவிட்டது. அந்த ஆண்டு மாநகராட்சித் தேர்தலில் திமுக 45 இடங்களை வென்று தன் மேயரை உட்கார வைத்தது. மாநிலத்துக்கு 1967இல் நேர்ந்தது நகரத்துக்கு எட்டாண்டுகள் முன்னதாக நேர்ந்தது, அவ்வளவுதான். 1967இலும் தென் சென்னைக்காரர்கள் அண்ணாவை அவருடைய பேச்சுக்கும் எழுத்துக்குமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்க ஆசையாக இருக்கும். அதே அண்ணா 1962இல், பிறந்த ஊரான காஞ்சிபுரத்தில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றவர். இடைப்பட்ட ஐந்தாண்டில் அவருடைய பேச்சுத் திறன் கூடிவிடவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் வந்தன, ராஜாஜியின் சுதந்திராக் கட்சி உள்ளிட்ட ஒரு பெரிய அணி திரண்டது.

1998இல் அதிமுக–பாரதிய ஜனதா அணி 30 இடங்களை வென்றபோது தென் சென்னை பாலுவோடு நின்றது. கோவைக் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த தேர்தல், எதிரே நின்றவர் ஜனா கிருஷ்ணமூர்த்தி, பாரதிய ஜனதா நம்பிக்கையோடு கேட்டு வாங்கிய தொகுதி. அலையை எதிர்த்து நின்றதால் பாலுவின் தனிப்பட்ட செல்வாக்கு என்று இதைச் சொல்லலாமா? திமுக அணி அந்த ஆண்டு பெற்ற 9 இடங்களில் 3 சென்னையின் மூன்று தொகுதிகள். வடக்கே குப்புசாமி, நடுவே மாறன், தெற்கே பாலு என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று வேட்பாளர்கள் ஒரே மாதிரி வென்றார்கள் என்றால், காரணத்தை ஆளிடம் தேடாமல் ஊரிடம்தான் தேட வேண்டும். நகரத்தின் அரசியல் வேறு தாளத்தில் போன தருணம் அது.

மூன்றாவது விலகலான 2009தான் உண்மையிலேயே சிக்கலானது. மாநிலத்தில் திமுக அணிக்கு 27, அதிமுக அணிக்கு 12. வட சென்னையும் மத்திய சென்னையும் திமுகவிடமே இருந்தன. தென் சென்னை மட்டும் தனியாகப் பிரிந்து அதிமுகவின் சி. ராஜேந்திரனை, சுமார் 33 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. நகரத்துக்கு மூன்று தொகுதிகள் வந்த பின், அண்டைத் தொகுதிகளோடும் சேராமல், மாநிலத்தோடும் சேராமல் போனது அந்த ஒரு முறைதான். ஆளைப் பார்த்தார்கள் என்ற கட்சிக்கு இதுவே கடைசிக் கோட்டை. ஆனால் அந்தத் தேர்தலில் மாறியது வேட்பாளர் மட்டும் இல்லை, தொகுதியே மாறிவிட்டது. 2008 எல்லை மறுவரையறையில் ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டன. விருகம்பாக்கமும், புதிதாகப் பிறந்த வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் உள்ளே வந்தன. பழைய உறுப்பினர் பாலுவே, பிரிந்துபோன பகுதிகளைப் பின்தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூரில் நின்று வென்றார். ஆட்களை விட நிலத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் அவர் என்பேன். மாறாமல் தங்கிய மூன்று பகுதிகளான மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டை ஆகியவற்றின் 2006 சட்டமன்ற முடிவைப் பாருங்கள். மாநிலத்தில் திமுக ஆட்சிக்கு வந்த தேர்தலில் மூன்றுமே அதிமுகவுக்குப் போயிருந்தன. 2009இல் தென் சென்னை ராஜேந்திரனைத் திடீரென்று கண்டுபிடிக்கவில்லை. மூன்றாண்டுகளாக இருந்த சாய்வு, எல்லை மாறியதும் வெளியே தெரிந்தது. ஆனாலும் 33 ஆயிரம் என்பது பெரிய வித்தியாசமில்லை. இத்தகைய நெருக்கத்தில் ஒரு வேட்பாளரின் நல்ல பெயரோ கெட்ட பெயரோ முடிவைத் தொட்டிருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரின் முடிவு வெறும் 137 வாக்குகளில் தொங்கியது. அங்கே எதுவும் காரணமாகியிருக்கலாம், மழை உட்பட.

எல்லை என்று வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'தென் சென்னையின் வரலாறு' என்று நாம் பேசுவது ஒரே இடத்தின் வரலாறு இல்லை. 1957, 1967, 1977, 2009 என்று நான்கு தேர்தல்களில் வெவ்வேறு வரைபடங்கள் நடைமுறைக்கு வந்தன. 1977 வரை நகரத்துக்கு இரண்டே மக்களவைத் தொகுதிகள், மத்திய சென்னை அப்போதுதான் பிறந்தது. பெயர்ப்பலகை அப்படியே இருக்க, வீட்டுக்குள் குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்த கதை இது. இன்றைய தொகுதியில் சோழிங்கநல்லூர் ஒன்று மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களோடு 2024 தேர்தலைச் சந்தித்தது. மாநிலத்திலேயே பெரிய சட்டமன்றத் தொகுதி அது. அதற்குள் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இருக்கின்றன. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளும் இருக்கின்றன. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டன. நகரத்தின் நடுவிலிருந்து ஏழைகளை விளிம்புக்கு அனுப்பிய அரசாங்கங்கள், தெரிந்தோ தெரியாமலோ, மத்திய சென்னையின் வாக்குகளைத் தென் சென்னைக்கு மாற்றிக்கொண்டிருந்தன. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், ஊரூர் ஆல்காட் குப்பம் ஆகிய மீனவர் குடியிருப்புகள் எப்போதும் இங்கேயே இருந்தன. அவர்களைக் கண்ணில் காணாமல் விட்டால்தான் 'படித்தவர்கள் தொகுதி' என்ற பட்டம் பொருந்தும். பட்டம் கொடுத்தவர்கள் மயிலாப்பூர் மாடவீதியில் நின்று பார்த்தார்கள், கடற்கரைப் பக்கம் திரும்பவில்லை.

எல்லை மாறிய பின் நடந்த தேர்தல்கள் எண்களால் பேசுகின்றன. 2014இல் ஜெயலலிதா யாரோடும் சேராமல் 37 இடங்களைப் பிடித்தபோது, இங்கே இருபதுகளில் இருந்த ஜெ. ஜெயவர்த்தன் 4,38,404 வாக்குகள் பெற்று, திமுகவின் டி.கே.எஸ். இளங்கோவனை 1,36,625 வித்தியாசத்தில் வென்றார். மூன்றாவதாக வந்த பாரதிய ஜனதாவின் இல. கணேசனுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் கிடைத்தது. அதே இல. கணேசன் 2009இலும் இங்கே நின்றவர், அப்போது அவர் பெற்றது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. ஆள் அதே ஆள், தொகுதி அதே தொகுதி, எல்லையும் அதே எல்லை. ஐந்து ஆண்டுகளில் வாக்கு ஐந்து மடங்குக்கும் மேல் பெருகியது. இடையில் வந்தது மோடி அலையும், தேமுதிக, பாமக, மதிமுக சேர்ந்த ஓர் அணியும். என் வாதத்துக்கு ஒரே ஒரு சான்றுதான் தரலாம் என்றால் நான் இதைத்தான் தருவேன். ஜெயவர்த்தனுக்கும் இதே கதைதான், எதிர்த் திசையில். 2014இல் 4.38 லட்சம், 2019இல் 3,02,649, 2024இல் 1,72,491. பத்தாண்டில் அந்த மனிதர் மாறிவிடவில்லை. ஜெயலலிதா இறந்தார், அதிமுக பாரதிய ஜனதாவோடு சேர்ந்தது, பிறகு பிரிந்தது. தமிழச்சி தங்கபாண்டியன் 2019இல் 5,64,872 வாக்குகளும் 2024இல் 5,16,628 வாக்குகளும் பெற்று, இருமுறையும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். கவிஞர், பேராசிரியர் என்பதால் இந்தத் தொகுதிக்குப் பொருத்தமானவர் என்று எழுதினார்கள். பொருத்தமானவர்தான். ஆனால் அந்த இரண்டு தேர்தல்களிலும் அவருடைய அணி மாநிலத்தில் தோற்றது ஒரே ஓர் இடம், 2019இல் தேனி.

தகுதியுள்ள வெளியாள் வந்தால் இந்தத் தொகுதி ஏற்கும் என்பதையும் இருமுறை சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 2009இல் அகமதாபாத் ஐஐஎம்மில் படித்துவிட்டு உணவுத் தொழில் தொடங்கிய ஓர் இளைஞர் சுயேச்சையாக நின்றார். ஊடகங்கள் அவரைக் கொண்டாடின. பதினைந்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டினார், அதாவது ஏறத்தாழ 2 விழுக்காடு. 2019இல் மக்கள் நீதி மய்யத்தின் சார்பில் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். ரங்கராஜன் 1,35,465 வாக்குகள் பெற்றார், 12 விழுக்காடு. இதோ ஆளைப் பார்த்து விழுந்த வாக்கு என்று பலர் கைகாட்டினார்கள். அதே தேர்தலில் அதே கட்சிக்கு மத்திய சென்னையிலும் ஏறத்தாழ 12 விழுக்காடு கிடைத்தது, உழைப்பாளிகளின் பகுதி என்று பெயரெடுத்த வட சென்னையில் ஏறத்தாழ 11. வேட்பாளர்கள் மூவரும் வெவ்வேறு பின்னணியிலிருந்து வந்தவர்கள். அந்த 12இல் 11 கமல்ஹாசனின் புதுக் கட்சிக்கும், பெரிய கட்சிகள் மீதிருந்த நகரத்துச் சலிப்புக்கும் விழுந்தவை. மிச்சமிருக்கும் ஒன்றை வேண்டுமானால் தென் சென்னையின் தனிக்குணத்துக்கு எழுதிக்கொள்ளலாம்.

இப்போது எஞ்சியிருப்பது வாக்குப்பதிவைப் பற்றிய மறுப்பு. '2024இல் இங்கே வாக்களித்தவர்கள் 54 விழுக்காடுதான். மாநில சராசரி கிட்டத்தட்ட 70. ஆளைப் பார்த்து வாக்களிக்கக்கூடியவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வந்தவர்களின் வாக்கை வைத்து வராதவர்களை எப்படி எடைபோடுவீர்கள்?' என்பார்கள். இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அந்த 54ஐ அப்படியே நம்பக்கூடாது. வாடகை வீட்டுக்காரர்களின் நகரம் இது. வேலை மாறினால் வீடு மாறும், பழைய முகவரியில் பெயர் தங்கிவிடும், புது முகவரியில் இன்னொன்று சேரும், இறந்தவர் பெயரை நீக்க யாரும் மனுப் போட மாட்டார்கள். 2025 இறுதியில், வாக்காளர் பட்டியலுக்கான சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவு வந்தபோது, மாநிலத்தில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல், அதாவது பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அந்த நீக்கம் முழுவதும் சரியென்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிற மனிதர்களின் பெயர்களும் அதில் போயிருக்கும், அதைப் பற்றிய சண்டை நியாயமானது. கணக்குக்காக, 2024இல் தென் சென்னைப் பட்டியலில் நான்கில் ஒரு பெயருக்கு ஆள் இல்லை என்று வைத்துக்கொண்டால், 54 என்பது 72 ஆகிவிடுகிறது. மாநிலப் பட்டியலிலும் கழிவு உண்டு என்பதால் அந்த 70உம் 80க்கு மேலே போகும். இடைவெளி மறைவதில்லை, குறைகிறது. சோம்பல் என்று நாம் திட்டிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு குமாஸ்தா வேலையின் பிழை.

இரண்டாவது, வராதவர்கள் யார் என்ற அனுமானம். அடையாற்றுப் பேராசிரியரும் பெசன்ட் நகர் மருத்துவரும்தான் வீட்டிலிருந்தார்கள் என்று ஏன் நினைக்க வேண்டும்? கண்ணகி நகரிலிருந்து பழைய பேட்டைக்கு வேலைக்குப் போகிற பெண்ணும், வாக்கு இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கிற மென்பொருள் ஊழியரும், பெயர் பழைய முகவரியில் மாட்டிக்கொண்ட ஆட்டோ ஓட்டுநரும் வராதவர்களில் இருக்கலாம் அல்லவா? வராதவர்களுக்கு நமக்குப் பிடித்த குணத்தைப் பூசி, வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்வது சௌகரியமான வாதம். அதை எந்தத் தேர்தலாலும் பொய்யாக்க முடியாது, அதனாலேயே அதை ஏற்க எனக்குத் தயக்கம்.

நான் இந்தத் தொகுதியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அணியைப் பார்த்து வாக்களிப்பது அறிவுக்குறைவு என்று எடுத்துக்கொண்டால்தான் அப்படித் தோன்றும். 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, மக்களவை உறுப்பினர் எவரும் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். வரவு செலவுத் திட்டத்திலோ நம்பிக்கை வாக்கெடுப்பிலோ அவருடைய சொந்த அறிவுக்கு அதிக இடமில்லை. டெல்லியில் அவர் கை எந்தப் பக்கம் தூக்கப்படும் என்பதைக் கட்சி தீர்மானிக்கிறது என்றால், கட்சியைப் பார்த்து வாக்களிப்பவர்தான் விவரம் தெரிந்தவர். நல்ல மனிதர் என்று எண்ணி ஒருவருக்கு வாக்களித்து, அவர் தனக்குப் பிடிக்காத மசோதாவுக்கெல்லாம் ஆதரவாகக் கை தூக்குவதைப் பார்த்து வருந்துபவரை அதிகம் படித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரா. செழியன் தோற்றதில் நாடாளுமன்றத்துக்கு நட்டம் உண்டு. அந்த நட்டத்துக்கு வாக்காளரைக் குறை சொல்வதைவிட, கட்சியின் தயவில்லாமல் அப்படிப்பட்டவர் உள்ளே போக வழியில்லாத ஏற்பாட்டைக் குறை சொல்வது பொருத்தம்.

என் கருத்து தவறென்று எப்போது ஒப்புக்கொள்வேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லை மாறாத ஒரு தேர்தலில், மாநிலமும் மற்ற இரண்டு சென்னைத் தொகுதிகளும் ஒரு பக்கம் போக, தென் சென்னை மட்டும் மறுபக்கம் போய், அந்த வேட்பாளர் தன் கட்சி இங்கே முன்பு பெற்றதைவிட ஐந்தாறு விழுக்காடு கூடுதலாகப் பெறட்டும். அன்று ஆளைப் பார்த்தார்கள் என்று நானே எழுதுகிறேன். அத்தகைய தேர்தல் இதுவரை ஒன்றுகூட நடக்கவில்லை. நடப்பதற்கு இன்றைய வரைபடத்துக்கு அதிகக் காலமும் இல்லை. மக்களவை இடங்களின் மறுபங்கீடு 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைதான் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. தியாகராய நகரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துவிட்ட சோழிங்கநல்லூர் இன்றைய உருவத்தில் நீடிக்க வழியில்லை. மயிலாப்பூர் ஒரு தொகுதியிலும் பெரும்பாக்கம் வேறொன்றிலும் போய் விழுந்தால், இரண்டில் எதற்குத் தென் சென்னை என்ற பெயர் போகும் என்பதை இனிமேல் அமையும் ஓர் ஆணையம்தான் தீர்மானிக்கும்.